சாய்ந்தமர்ந்து ஓட்டும் சைக்கிள்



சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றும் உருவம் ஒன்றுதான். ஒரே அளவான இரண்டு சக்கரங்கள், நடுவே வைர வடிவிலமைந்த குழாய்ச் சட்டம், அதன் உச்சியில் ஒரு தோல் ஸீட்டு, கீழே பெடல், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் செயின். லூதியானாவில் செய்த வண்டியாயினும் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய வண்டியாயினும் இந்த உருவத்தில் மாற்றமில்லை. மாட்டுக்குக் கால் நான்கு என்பதைப் போல, சைக்கிளுக்கு இதுவே இயல்பான வடிவம் என்று நாம் ஐயமின்றி நம்பிவிடுகிறோம். அவ்வடிவம் நிலைத்ததற்குக் காரணம் அதன் தகுதி மட்டுமன்று. 1934 ஆம் ஆண்டில் ஒரு சபை கூடி எழுதிய சில வரிகளுக்கும் அதில் பங்குண்டு. அந்த வரிகளால் புறத்தே தள்ளப்பட்ட ஒரு வண்டியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

அந்த வண்டியில் ஏறியவர் குனிந்து உட்காருவதில்லை. சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல் முதுகு முழுவதையும் ஓர் இருக்கையில் சாய்த்துக்கொள்கிறார். கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். பெடல், காலுக்குக் கீழே இராமல், முன்சக்கரத்துக்கு மேலே இடுப்பின் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். ஆங்கிலத்தில் இதை ‘ரிகம்பண்ட்’ என்பர். சாய்ந்து கிடப்பது என்று பொருள். தமிழில் என்ன சொல்லலாம்? ‘சயன சைக்கிள்’ என்றால் திருவரங்கத்துப் பெருமாள் நினைவுக்கு வந்துவிடுவார். ‘படுக்கை வண்டி’ என்றால் ரயிலில் இடம் பதிவு செய்கிறோமோ என்று தோன்றும். ஆகவே ‘சாய்வு சைக்கிள்’ என்றே வைத்துக்கொள்வோம். இதிலும் பலவகை உண்டு. அவற்றுள் முன்சக்கரத்தையே செயினால் ஓட்டுவதும், எடை மிகக் குறைந்ததும், ஓட்டுபவரின் உடலளவை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதுமாகிய ஒருவகையே நம் விஷயம்.

முன்சக்கரத்தை ஓட்டுவது புதுமை என்று எண்ணிவிட வேண்டா. 1860களில் பாரிஸ் நகரில் மிஷோ என்ற கருமான் குடும்பத்தார் செய்து விற்ற வண்டியில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அவ்வமைப்பில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இப்படிப் பெரிதாகிப் பெரிதாகி ஆளுயரத்தை எட்டிய முன்சக்கர வண்டியைப் படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியைக் கொணர்ந்தார். செயினும் பல்சக்கரமும் கொண்டு பின்சக்கரத்தை ஓட்டிய அந்த வண்டி வந்தபின், முன்சக்கரத்தை மிதிக்கும் வழக்கம் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியோடு நின்றுவிட்டது.

இனி, பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கதைக்கு வருவோம். ஷார்ல் மோஷே என்பவர் சிறு மோட்டார் வண்டிகள் செய்து வந்தவர். தம் மகன் ஜார்ஜுக்காகப் பெடலால் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். சைக்கிளில் ஏறி விழுந்து அடிபடாமல் இருக்கட்டும் என்ற தாயின் கவலையும் அதற்கு ஒரு காரணம். சிறுவனோ அதிலேறி, சைக்கிள் ஓட்டிய மற்றப் பிள்ளைகளை முந்தலானான். சாய்ந்தமர்ந்து காலை முன்னே நீட்டி மிதிப்பதில் ஏதோ அனுகூலம் இருக்கிறது என்பதை மோஷே கண்டுகொண்டார். பெரியவர்கள் இருவர் அமரும் ‘வெலோகார்’ என்ற வண்டியைச் செய்து விற்றார். வளைவில் வேகமாகத் திரும்பினால் அது கவிழ்ந்துவிடும். ஆகவே அதை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தாற்போல், இரண்டே சக்கரம் கொண்ட சாய்வு சைக்கிளை அமைத்தார்.

அதன் ஆற்றலை உலகுக்குக் காட்ட ஒரு வீரர் வேண்டுமல்லவா? ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் முன்வந்தார். பந்தய உலகில் அவர் முதல் வரிசை வீரரல்லர். இரண்டாந்தரம் என்றே மதிக்கப்பட்டவர். சைக்கிள் பந்தயங்களில் ‘ஒரு மணி நேரச் சாதனை’ என்பதற்கு இருக்கும் மதிப்புத் தனி. ஒருவர் தனியே, எவர் துணையுமின்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் செல்கிறார் என்பதே அது. ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஆஸ்கர் எக் 1914 இல் 44.247 கிலோமீட்டர் சென்றிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக எவராலும் அசைக்க முடியாதிருந்த அவ்வெல்லையை, 1933 ஜூலை 7 ஆம் நாள் பாரிஸில் ஃபோர் தாண்டினார். சாய்வு சைக்கிளில் படுத்த வண்ணம் அவர் சென்ற தூரம் 45.055 கிலோமீட்டர். அடுத்த மாதமே மோரிஸ் ரிஷார் என்ற மற்றொரு பிரெஞ்சு வீரர் வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார்.

இருவரில் யாருடையது சாதனை? அதைத் தீர்ப்பதற்கு முன் வேறொரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. சைக்கிள் என்பது யாது? சர்வதேச சைக்கிள் பந்தய ஐக்கியம் 1934 ஆம் ஆண்டு அதற்கு விடை எழுதிற்று. பெடலின் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம், முன்சக்கரத்தின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கலாம், ஸீட்டின் முனை பெடலச்சுக்கு எவ்வளவு பின்னால் இருக்கலாம் என்றெல்லாம் அளவு வகுத்தார்கள். கடைசியாகச் சொன்ன அளவு 12 சென்டிமீட்டர். மோஷேயின் வண்டி அதனுள் அடங்குமா? ரிஷாரின் தூரமே சாதனையேட்டில் ஏறிற்று. மோஷே அவ்வாண்டிலேயே காலமானார். தந்தையின் பணியை மகன் ஜார்ஜ் தொடர்ந்தார். 1939 இல், காற்றை வகிர்ந்து செல்லும் கூடு போர்த்திய சாய்வு சைக்கிளில், அதே ஃபோர் ஒரு மணியில் 50 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். ஆனால் பந்தய மைதானத்தின் கதவு திறக்கவில்லை.

சபையினர் பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. பந்தயம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் நடைபெற வேண்டுமேயன்றி எந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் நடைபெறலாகாது என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் சொற்களுக்கு வரையறை தேடும் மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எங்களைப் போன்றோருக்கு ஒன்று தெரியும். ஒரு சொல்லுக்குப் பொருளெழுதும்போது, உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் ஒன்று. இனி வரவிருப்பதை வாராமல் தடுத்தல் மற்றொன்று. 1934 இல் நடந்தது இரண்டாவது. தெருவில் சாய்வு சைக்கிளை ஓட்டக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை என்பது உண்மையே. எனினும் பந்தயத்தில் வெல்லும் வண்டியைத்தான் மக்கள் வாங்க விரும்புவர். மக்கள் வாங்குவதைத்தான் தொழிற்சாலை செய்யும். பந்தயம் மூடப்பட்டதும் தொழிற்சாலையின் பணமும் அறிவும் வேறுபக்கம் திரும்பிவிட்டன. சாய்வு சைக்கிள் தனிமனிதரின் பட்டறைக்குள் ஒதுங்கிற்று.

நாற்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வெளியே வந்தது. 1975 இல் கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் என்ற பேராசிரியரும் அவர் நண்பர்களும் வடிவக் கட்டுப்பாடே இல்லாத ஒரு பந்தயத்தை நடத்தினார்கள். மனித சக்தியால் ஓடும் வாகனங்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கமும் 1976 இல் தோன்றிற்று. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் டேவிட் கார்டன் வில்ஸன் சாய்வு சைக்கிளின் நியாயங்களைக் கணக்கோடு எடுத்துரைத்து வந்தார்.

அந்தக் கணக்கில் முதலிடம் காற்றுக்கு. நிதானமாகச் செல்லும்போது காற்று நம்மை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்வதற்குக் கால் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில், சமதரையில், நமது உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றுத்தான் விழுங்குகிறது. அந்தக் காற்றை எதிர்ப்பது வண்டியைக் காட்டிலும் ஓட்டுபவரின் மார்பும் தோளுமே. சாய்ந்து படுத்தால் காற்றின் முன் நிற்கும் பரப்புக் குறைந்துவிடுகிறது. ஃபோர் வென்ற இரகசியம் இவ்வளவே.

மேடு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே வேகம் குறைவு, காற்றைப் பற்றிக் கவலையில்லை, எடைதான் பகை. மேலும், வழக்கமான சைக்கிளில் செல்பவர் மேட்டில் ஸீட்டை விட்டெழுந்து, உடலின் பாரம் முழுவதையும் பெடலின்மேல் இறக்கி மிதிப்பார். சாய்ந்து கிடப்பவருக்கு அந்த வழியில்லை. ஆகவே மற்ற வண்டிகளுக்கு இலேசாயிருத்தல் ஒரு சிறப்பு. சாய்வு சைக்கிளுக்கோ அது தேவை. நம் ஊர்களில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய மாதிரி வண்டி ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் அதை விட்டு 10 கிலோ வண்டிக்கு மாறுகிறார் என்று கொள்வோம். மேட்டில் தூக்கிச் செல்லவேண்டிய 85 கிலோ 75 ஆகிறது. எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான உழைப்பு மிச்சம். கார்பன் இழையால் செய்த நல்ல சாய்வு சைக்கிள்கள் 10 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டன.

எடையைக் குறைக்கப் புகுந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது செயின். சாதாரண சைக்கிளின் செயின் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். சாய்வு சைக்கிளில் பெடல் வண்டியின் மூக்கில் இருக்கிறது; பின்சக்கரமோ வாலில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கச் சாதாரணச் செயின்கள் இரண்டு மூன்றை ஒன்றாகக் கோத்தாக வேண்டும். அவ்வளவு நீளச் செயின் தொங்கியாடாமலிருக்க, இருக்கைக்கு அடியில் சிறு உருளைகள் வைத்து வழிநடத்த வேண்டும். உருளை சுழல்வதற்கும் சிறிது ஆற்றல் செலவாகும், ஓசையும் எழும், எண்ணெயும் தூசியும் வேட்டியிலோ கால்சட்டையிலோ படியும். பெடலுக்கு அருகிலேயே முன்சக்கரம் இருக்க, இத்தனை தூரம் செயினை இழுத்துச் செல்வானேன்? முன்சக்கரத்தையே ஓட்டிவிட்டால் செயின் குறுகுகிறது, உருளைகள் ஒழிகின்றன, பின்சக்கரம் வெறுமனே உருண்டு வந்தால் போதும்.

சொல்வது எளிது. முன்சக்கரம் ஓடுவதோடு திரும்பவும் வேண்டுமே! இச்சிக்கலை அவிழ்க்க இரண்டு வழிகள் கண்டார்கள். முதல் வழியில், பெடலும் அதன் அச்சும் ஃபோர்க்கோடு ஒரே உறுப்பாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஹாண்டிலைத் திருப்பினால் சக்கரம், செயின், பெடல், அதை மிதிக்கும் கால்கள் யாவும் சேர்ந்தே திரும்பும். அமெரிக்கரான டாம் டிரெய்லர் 1980களில் இவ்வகையை வகுத்துக் கொடுத்தார். ‘க்ரூஸ்பைக்’ என்ற நிறுவனத்தின் வண்டிகள் அவ்வழியில் வந்தவை. இதில் சாதாரண சைக்கிளின் செயினே போதும். ஹாண்டிலைக் கையால் இழுத்துப் பிடித்து மிதிக்கும்போது கையின் வலுவும் காலுக்குத் துணையாகிறது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். அதைக் கை தானாகவே சமன்செய்யப் பழக வேண்டும்.

இரண்டாவது வழியில், பெடலச்சு வண்டியின் சட்டத்தில் அசையாமல் நிற்கும். சக்கரம் மட்டும் திரும்பும். அப்போது இடையிலுள்ள செயின் முறுக்கிக் கொடுக்க வேண்டும். செயினுக்குச் சிறிதளவு முறுக்கைத் தாங்கும் குணம் உண்டு என்பதை நம்பியே இது நடைபெறுகிறது. சாலையில் விரைந்து செல்லும்போது ஹாண்டிலைத் திருப்புவது மிகச் சிறிய அளவே, ஆகவே தொல்லையில்லை. ஆனால் பழைய தில்லியின் சந்து ஒன்றில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டுமென்றால், இறங்கித் தூக்கித் திருப்புவதே உத்தமம். தரையோடு தாழ்ந்து பறக்கும் பந்தயச் சாய்வு சைக்கிள்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. உருளைகளை அறவே ஒழிக்க இதில் முடிவதில்லை, ஒன்றிரண்டு தங்கிவிடும்.

இந்த இரண்டாம் வகையில்தான் உடலளவு எடுத்துச் செய்வதன் அருமை புலப்படுகிறது. நம் நாட்டுப் பிள்ளைகள் சைக்கிள் கற்கும் முறையை எண்ணிப் பாருங்கள். ஸீட்டுக்கு எட்டாத பிள்ளை, சட்டத்துக்கு இடையே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே கற்கிறது. வண்டிக்கேற்ப உடம்பை வளைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன காரியம். வழக்கமான சைக்கிள் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸீட்டை ஓர் அங்குலம் ஏற்றலாம், இறக்கலாம். உடம்பையும் அங்கிங்கு நகர்த்தலாம். சாய்வு இருக்கையிலோ முதுகு ஓரிடத்தில் பதிந்துவிடுகிறது. பெடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எட்டப் போனால் பாதம் தேடும். கிட்ட வந்தால் முழங்கால் வலிக்கும். அதோடு முன்சக்கரம் இரு கால்களுக்கும் நடுவே சுழல்கிறது. பெடலின் கை நீளமானால் குதிகால் சக்கரத்தில் தட்டும். பெடலை உயர்த்தினால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும், பார்வையையும் மறைக்கும். இதற்காகச் சக்கரத்தைச் சிறிதாக்கி 20 அங்குலச் சக்கரம் போடுவாருண்டு. சக்கரம் சிறுத்தால் ஒரு சுற்றில் செல்லும் தூரமும் குறையும். அதை ஈடுசெய்யப் பெடலின் பல்சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதான பல்சக்கரம் காலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிறது. ஐந்தடி உயரமுள்ளவருக்கும் ஆறடி உயரமுள்ளவருக்கும் ஒரே அச்சில் வார்த்த வண்டி பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

அளவெடுக்கும் முறை வேடிக்கையானது. ஓட்டப்போகிறவரைத் தரையில் அமர்த்தி, முதுகையும் இடுப்பையும் சுவரோடு ஒட்டவைத்து, காலை நீட்டச் சொல்வார்கள். சுவரிலிருந்து உள்ளங்காலின் அடிவரை உள்ள தூரமே வண்டியின் மூல அளவு. தையற்காரர் அடிக்கோலை வைத்தாற்போல் அதன்பின் தோளகலம், கையின் நீளம், பாதத்தின் நீளம், முதுகு எவ்வளவு சாயலாம் என்பது யாவும் குறிக்கப்படும். எஃகுக் குழாயில் செய்பவர் அவ்வளவுக்குக் குழாயை வெட்டிப் பற்றவைப்பார். கார்பனில் செய்பவரின் வேலை வேறு. இலேசான நுரைக்கட்டையை முதலில் வண்டியின் உருவத்துக்குச் செதுக்கிக்கொண்டு, அதன்மேல் கார்பன் துணியைப் பிசினில் நனைத்துப் படலம் படலமாகச் சுற்றுவார். கார்பன் இழை தன் நீளவாட்டில் மிக்க வலுவுடையது, குறுக்கே அவ்வளவில்லை. ஆதலின் பெடலின் உதை எத்திசையில் பாய்கிறது, உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்று கணித்து, ஒவ்வொரு படலத்தின் இழையையும் அத்திசைக்கேற்ப வைக்க வேண்டும். தேவையற்ற இடத்தில் ஒரு படலம் கூடினாலும் எடை. தேவையான இடத்தில் ஒரு படலம் குறைந்தாலும் முறிவு. இது இயந்திரம் விரைந்து செய்யும் வேலையன்று. கைவேலையின் கூலியும் பொருளின் விலையும் சேர்ந்து இவ்வண்டியை எளியவர் எட்டாத உயரத்தில் வைத்துவிடுகின்றன. 1934 இல் அந்தச் சில வரிகள் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால், தொழிற்சாலைகள் இதில் இறங்கி, இன்று இதன் விலை சாமானியருக்கும் கட்டுப்படியாகியிருக்குமோ என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுவோம். செங்குத்தான மேட்டில், அதிலும் ஈரமான தரையிலோ சரளைக்கல் பாதையிலோ, உடற்பாரம் பின்சக்கரத்தின்மீது சாய்கிறது. முன்சக்கரம் பிடிப்பிழந்து வெறுமனே சுழன்றுவிடும். பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியில் இத்தொல்லை குறைவு. இன்னொன்று, தாழ்வான வண்டியில் செல்பவரின் தலை லாரிச் சக்கரத்தின் உயரத்தில் இருக்கும். லாரி ஓட்டுபவர் கண்ணில் அவர் படுவாரா? ஐரோப்பாவில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை உள்ள நாடுகளில் இக்கேள்வி அவ்வளவு கடுமையாக எழாது. நம் நெடுஞ்சாலைகளுக்கு மிகத் தாழ்ந்த பந்தய வண்டி ஏற்றதன்று என்பதே நம் கருத்து. மோட்டார் காரில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கு இருக்கை உயர்ந்த வகையும் உண்டு. இரண்டு சக்கரங்களும் பெரியனவாக, மேடுபள்ளங்களைத் தாங்குவதாக இருக்கும். வாங்க வல்லவர் அதை நாடலாம்.

இத்தனை பாடுபட்டு இதைத் தேடுவோர் யாவர்? வேகத்தை விரும்பும் இளைஞர் சிலர். மற்றவர்கள் உடம்பின் குறையால் சைக்கிளை விட்டுவிட நேர்ந்தவர்கள். குனிந்து ஓட்டி மணிக்கட்டு மரத்துப்போனவர். கழுத்துவலியால் தலைநிமிர்த்த முடியாதவர். நீண்டநேரம் சிறிய ஸீட்டில் அமரக்கூடாதென்று வைத்தியர் தடுத்தவர். கையில் பாரமில்லை, கழுத்தில் மடிப்பில்லை, முதுகு முழுவதும் தாங்கப்படுகிறது என்னும்போது, கைவிட்ட சுகம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயம் ஒன்று உண்டு. மேலைக் கடற்கரையில் புறப்பட்டுக் கீழைக் கடற்கரை வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். சாய்வு சைக்கிளுக்கு அங்கே தடையில்லை. 2013 இல் அதில் தனியாக ஓட்டிய பெண்களுள் முதலாவதாக வந்த மரியா பார்க்கர் செலுத்தியது, பெடலும் ஃபோர்க்கும் ஒன்றாய்த் திரும்பும் முன்சக்கர ஓட்ட வண்டியே.

வேகத்தைப் பொறுத்தவரை, நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுண்டன் என்ற ஊருக்கருகே நேரான சமதரைச் சாலை ஒன்றில் ஆண்டுதோறும் சோதனை நடத்தி வந்தார்கள். 2016 செப்டம்பரில் கனடா நாட்டைச் சேர்ந்த டாட் ரைகர்ட் அங்கே மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஓட்டுபவரை முழுதும் மூடிய முட்டைக்கூடு போன்ற சாய்வு சைக்கிள் அது. மோட்டார் கிடையாது, காலின் வலுவொன்றே.

கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். சைக்கிள் நன்றாகத் தெரிந்தவர்தாம் முதல் நாள் அதிகம் தடுமாறுவார் என்கிறார்கள்; பழைய வண்டியில் பழகிய கை, பழைய வழக்கப்படியே திருத்தப் பார்ப்பதால் வரும் வினை. ஆளில்லாத மைதானமும் இலேசான இறக்கமும் வேண்டும். முதலில் பெடலைத் தொடாமல், இரு கால்களையும் தரையில் உரசியபடி உருண்டு பழகுவார்கள். பிறகு ஒரு காலைப் பெடலில் வைத்து, தோளைத் தளர்த்தி, ஹாண்டிலை இறுகப் பிடிக்காமல், பார்வையை எட்டத்தில் நிறுத்தி மெல்ல மிதிக்க வேண்டும். வண்டி இருபுறமும் ஆடும். சில மணி நேரத்தில் ஆட்டம் அடங்கத் தொடங்கும். நெருக்கடிச் சாலைக்கு வருவதை மட்டும் சில வாரங்கள் தள்ளிப்போடுவது நலம். வரும்போது இருக்கையின் பின்னால் நெடிய கோலொன்றில் செந்நிறக் கொடி கட்டிக்கொண்டு வரட்டும்.